ஆறு பேர் இருக்கும் வீடு

அத்தியாயம் 9

கடை முழுக்கக் குழந்தைகள். எல்லாம் சுவரில்.

சிரிக்கும் குழந்தை, தவழும் குழந்தை, சோப்பு நுரைக்குள் உட்கார்ந்து கண்ணைக் கசக்கும் குழந்தை. நீடாமங்கலம் கடைவீதியில் வைகாசியில் திறந்த 'தளிர்நடை' குழந்தைப்பொருள் கடைக்குள் உயிருள்ள குழந்தை ஒன்றுகூட இல்லை. கண்ணாடிக் கதவின் இடுக்கில் ஏ.சி. காற்றுக்கு மூக்கைக் கொடுத்துப் படுத்திருந்த நாய்தான் அன்றைய முதல் வாடிக்கையாளர்.

"இந்தக் கடையில திருட்டுப் போனா கண்டுபிடிக்கிறது ஈஸி சார்," என்றாள் ஃபஹ்மிதா. "உள்ள வந்தவனே ஒருத்தன்தான் இருப்பான்."

இளஞ்செழியன் சிரிக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பான். தஞ்சாவூரில் மாப்பிள்ளை விசாரணையும் காணாமல் போன டிராக்டருமாகப் பிழைப்பு ஓட்டும் துப்பறிவாளனுக்கு, முத்துப்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்த இந்த உதவியாளரின் வாய்தான் ஒரே ஆறுதல். ஆனால் காலையில் அவன் அலுவலக வாசலில் துரைக்கண்ணு நின்ற கோலம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. குத்தகைக்கு நிலம் உழுகிற மனிதர். தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "எம் பொண்ணு தப்பு பண்ணியிருந்தா நானே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேங்க. பண்ணலேன்னா, அத மட்டும் யாராச்சும் சொல்லிடுங்க."

அவர் மகள் கவிப்ரியா, நெடுமாறன் நடத்தும் 'திசைமானி' நிறுவனத்தில் வீடுவீடாகப் போய்க் கணக்கெடுப்பவள். ஒரு வட்டாரத்தில் எத்தனை பேர், என்ன வயது, எதற்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, எங்கே என்ன கடை போட்டால் ஓடும் என்று முதலாளிகளுக்குச் சொல்வது அந்த நிறுவனத்தின் தொழில். நீடாமங்கலத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீட்டுக்கு ஐந்தாறு பேர், பாதிக்கு மேல் வீடுகளில் சின்னக் குழந்தைகள் என்று கவிப்ரியா கணக்கேற்றிய டேப்லெட் சொன்னது. அதை நம்பித் தளிர்நடைக்காரர்கள் கடை போட்டார்கள். ஈ ஓட்டினார்கள். மறுபடி ஆள் அனுப்பிப் பார்த்தால், வீடுகளில் குழந்தையைக் காணோம். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அவளே இட்டு நிரப்பிவிட்டாள் என்று முடிவாகிவிட்டது. மோசடி என்று தளிர்நடைக்காரர்கள் மாலை ஐந்து மணிக்குப் புகார் கொடுக்கப்போகிறார்கள். அதற்கு முன் வெளி ஆள் ஒருவரின் அறிக்கையும் கையில் இருக்கட்டும் என்றுதான் நெடுமாறன் இளஞ்செழியனை அமர்த்தியிருந்தார்.

கவிப்ரியா அரசுத் தேர்வில் தேறி, பணி ஆணைக்குக் காத்திருக்கிறாள். போலீஸ் சரிபார்ப்பு பாக்கி. ஒரு எஃப்.ஐ.ஆர். விழுந்தால் வேலை போச்சு.

"எனக்கு ஒரு இடம்தான் உதைக்குது," என்றான் இளஞ்செழியன். "அவ பொய் எழுதினான்னே வெச்சுக்க. கடை போடறதுக்கு முன்னாடி இந்த வட்டாரத்துச் சூப்பர் மார்க்கெட் பில் கணக்கையும் வாங்கிப் பாத்திருக்காங்க. குழந்தை சோப்பு, குழந்தை பவுடர், சத்துமாவு டப்பா, டயப்பர். எல்லாம் நல்லா வித்திருக்கு. மரத்தடியில உக்காந்து எழுதின பொய்க்குக் கடை பில்லு எப்படி சாட்சி சொல்லும்?"

"பில்லுக்கும் அவளுக்கும் பழக்கம் இருக்குமோ என்னமோ."

கடை மேலாளர் ராஜ்குமார் தேநீரோடு வந்தார். பேச்சுக்கு ஆள் கிடைத்த மகிழ்ச்சி முகத்தில் வழிந்தது.

"ஒருத்தருமே வர்றதில்லையா?" என்று கேட்டான் இளஞ்செழியன்.

"வர்றாங்க சார். கிண்டல் பண்ண வர்றாங்க. போன வாரம் ஒரு பெரியவர் வந்து டயப்பர் வேணும்னார். குழந்தை எத்தனை கிலோ இருக்கும்னு கேட்டேன். அம்பத்தெட்டுங்கறார். நானும் தொழிலுக்கு வந்துட்டோமேன்னு சிரிச்சு வெச்சேன். அவரு சிரிக்கல."

ஃபஹ்மிதா தேநீரைச் சிந்தாமல் சிரிக்கப் படாத பாடு பட்டாள். இளஞ்செழியனும் அதை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டு எழுந்தான். அப்படி எடுத்துக்கொண்டது தவறு.

*

ரயில்வே கேட் அதிசயமாகத் திறந்திருந்தது. அதைத் தாண்டி நல்லிக்கோட்டகம் போகும் சாலையில் பாதியைக் குறுவை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. காயும் நெல்லுக்கு நடுவே ஒரு கிழவர் காலால் கோடு இழுத்துக்கொண்டே நடந்தார், யாருக்கோ நீளமாகக் கடிதம் எழுதுகிறவரைப் போல. இளஞ்செழியன் காரை ஓரத்து மண்ணில் இறக்கி ஓட்டினான்.

"வீட்டுக்கு ஆறு பேருங்கறது பெரிய விஷயமா சார்? எங்க வீட்லயே ஏழு பேரு," என்றாள் ஃபஹ்மிதா. "கோழி வாங்குனா காலு ரெண்டு, சண்டை ஏழு."

கவிப்ரியா கணக்கெடுத்த முதல் வீடு கமலாம்பாளுடையது. வாசலில் கோலம் சின்னதாக இருந்தது. எழுபதை ஒட்டிய கமலாம்பாள், கெட்ட செய்தி சொல்ல வந்தவர்களைப் பார்ப்பதுபோல் இருவரையும் பார்த்து, கணக்கெடுப்பு விஷயம் என்றதும் முகம் தெளிந்தார்.

"அந்தப் பொண்ணா? வெயில்ல வந்துச்சு. மோர் குடுத்தேன். வேணாம் வேணாம்னுட்டு ரெண்டு டம்ளர் குடிச்சுது. நல்லா இருக்குதா?"

"இருக்குதும்மா. உங்க வீட்ல எத்தனை பேருங்க?"

"ஆறு பேரு தம்பி. நானு, இவரு, பையன் பரணிதரன், மருமவ, பேரன், பேத்தி."

அவர் சொன்ன 'இவர்' கூடத்துக் கட்டிலில் கிடந்தார். பெயர் ரெத்தினம். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போனவர். கண் மட்டும் நன்றாகப் பேசியது.

"பையன் இல்லீங்களா?"

"வேலைக்குப் போயிருக்கான்."

"பேரன்?"

கமலாம்பாள் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "பள்ளிக்கூடம் விட்டிருக்கும். இந்நேரம் வண்டியில வந்துட்டு இருப்பான்."

கடிகாரம் இரண்டரை காட்டியது. இளஞ்செழியன் தன் போனைப் பார்த்தான். பன்னிரண்டு.

"கடிகாரம் வேகமா ஓடுது போலிருக்கேம்மா."

"அது சரியாத்தான் ஓடுது தம்பி," என்றார் கமலாம்பாள், கொஞ்சம் விறைப்பாக. மோர் கலக்க உள்ளே போனார்.

தண்ணீர் குடிக்கும் சாக்கில் அடுக்களையையும் கொல்லையையும் ஒரு சுற்று சுற்றிவந்த ஃபஹ்மிதா அவன் காதோரம் குனிந்தாள். "குளிக்கிற எடத்துல குழந்தை சோப்பு, பாதி கரைஞ்சு கெடக்கு. சத்துமாவு டப்பா, அதுவும் பாதி. ஆனா குக்கரப் பாருங்க. ரெண்டு டம்ளர் அரிசி போட்டா மூடி தெறிக்கும். அதுல ஆறு பேருக்கு வடிக்கிற வித்தை தெரிஞ்சா நான் உங்ககிட்ட ஏன் வேலை பாக்குறேன்?"

இளஞ்செழியன் அறைக் கதவின் நிலைச்சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேரனின் உயரத்தைப் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தார்கள். முழங்கால் உயரத்தில் ஒரு கோடு. அடுத்தது தொடைக்கும் மேலே. அதற்கடுத்தது இடுப்பைத் தாண்டி. இடையில் ஒன்றுமில்லை. கூடவே இருந்து வளரும் குழந்தை விரற்கடை விரற்கடையாகத்தான் வளரும். இந்தப் பையன் ஒவ்வொரு முறையும் ஒரு சாண் தாவியிருந்தான்.

*

திரும்பும்போது கேட் மூடியிருந்தது. அந்த ஊரில் அது செய்தியே அல்ல. முன்னால் இரண்டு பேருந்து, ஒரு வைக்கோல் லாரி. இளஞ்செழியன் எஞ்சினை அணைத்தான்.

"உங்க வீட்ல எத்தனை பேரு ஃபஹ்மிதா?"

"ஏழு. இப்பத்தான சொன்னேன்."

"நேத்து ராத்திரி உங்க வீட்ல படுத்துத் தூங்கினது எத்தனை பேரு?"

முன்னால் நின்ற லாரியிலிருந்து வைக்கோல் பிசிறு ஒன்று பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டியது.

"மூணு," என்றாள். "வாப்பா, உம்மா, நானு. எங்க அண்ணன், ஹம்தான் காக்கா, ஷார்ஜாவுல. அவரு பொஞ்சாதி, மச்சியும் ரெண்டு புள்ளைங்களும் அங்கதான். போய் அஞ்சு வருஷம் ஆச்சு." பிறகு, கோபமாக இல்லாமல், "அதுக்காக எங்க வீட்ல மூணு பேருன்னா சொல்லுவாங்க?" என்று கேட்டாள்.

"சொல்லமாட்டாங்க. கமலாம்பாளும் சொல்லல. பையன் சிங்கப்பூர்ல வேலைக்குப் போயிருக்கான். பேரன் சிங்கப்பூர்ல பள்ளிக்கூட வண்டியில வர்றான். அந்தம்மா ஒரு பொய்யும் சொல்லல. கடிகாரத்தையே ரெண்டரை மணி முன்னால, அங்கத்து நேரத்துக்குத் திருப்பி வெச்சுட்டு உக்காந்திருக்காங்க."

"அப்ப சோப்பு?"

"தோல் வறண்டு போனா எந்த டாக்டரும் குழந்தை சோப்புதான் போடச் சொல்லுவார். பல்லு இல்லாத வாய்க்கு சத்துமாவு. கட்டில்ல கெடக்கிறவருக்கு டயப்பர். ராஜ்குமார்கிட்ட ஒருத்தர் அம்பத்தெட்டு கிலோ குழந்தைக்குக் கேட்டாரே, அவர் கிண்டல் பண்ணல. பில்லு போடற கம்ப்யூட்டருக்கு டயப்பர்னா குழந்தைதான்."

ஃபஹ்மிதா மெல்லத் தலையை ஆட்டினாள். "ஒரு சாட்சி, இல்லாத குழந்தையை இருக்குன்னுது. இன்னொரு சாட்சி, ஆமா, சோப்பு வாங்குச்சேன்னுது. ரெண்டும் உண்மையான சாட்சி."

"ரெண்டும் ஒண்ணா சேந்ததும் ஒரு கடையே முளைச்சுடுச்சு."

துப்புத் துலங்கும் கணத்தில் உடம்பில் ஒரு சின்ன மின்சாரம் ஓடும். இளஞ்செழியனுக்கு அது ஓடியது. நெடுமாறனைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரைப் போட்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னான். மறுமுனையில் நெடுமாறன் குறுக்கிடாமல் கேட்டார்.

"நல்லா இருக்கு சார்," என்றார் கடைசியில். குரலில் ஏளனம் இல்லை, களைப்புதான் இருந்தது. "ஆனா டேப்புல அடுத்த கேள்வியே, 'நேற்று இரவு இந்த வீட்டில் தங்கியவர்கள் எத்தனை பேர்'ங்கிறதுதான். இந்த மாதிரிக் கூத்தெல்லாம் தெரிஞ்சுதான் அந்தக் கேள்வியை வெச்சிருக்கோம். அதுக்கும் வீட்டுக்கு வீடு ஆறு, அஞ்சுன்னு போட்டிருக்கா. அதுக்கு என்ன சொல்றீங்க?"

மின்சாரம் நின்றது.

"அந்தக் கேள்விக்கும் ஜனங்க அதே பதிலச் சொல்லியிருக்கலாம்."

"இருக்கலாம். உங்க நெனைப்பைத் தளிர்நடைக்காரன் ஒத்துக்கமாட்டான். ஒரே ஒரு வீட்லயாவது எழுதி வாங்குங்க. 'இங்கே நாங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறோம், அந்தப் பெண்ணிடம் ஆறு என்று சொன்னது நாங்கள்தான்.' கையெழுத்தோட. அத வெச்சு நான் பேசிப் பாக்குறேன். இல்லேன்னா புகாரை நிறுத்த என் கையில ஒண்ணும் இல்ல. எங்கிட்டயும் இருபது பேரு சம்பளத்துக்கு நிக்கிறாங்க."

"காலி வீட்டப் போட்டோ எடுத்து அனுப்பினா?" என்று ஃபஹ்மிதா இடையில் கேட்டாள்.

"காலி வீடு அவ பொய் எழுதினான்னுதாம்மா சொல்லும்," என்றார் நெடுமாறன்.

இளஞ்செழியன் கவிப்ரியாவை அழைத்தான். போன் அணைக்கப்பட்டிருந்தது. திசைமானி அலுவலகத்தில் காலையிலேயே வாங்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். கேட் திறந்தது. பின்னால் ஹாரன்கள் அலற, அவன் காரை எதிர்த்திசையில் திருப்பினான்.

*

கையெழுத்துக் கேட்டுப் போன முதல் வீட்டில் ஒரு அம்மாள், தாளைத் தொடவே மறுத்தார். "எழுதிக் குடுத்தா ரேஷன் கார்டுல பேரை எடுத்துடுவாங்க. அப்புறம் எம் புள்ள திரும்பி வந்தா எந்த வீட்டுக்காரன்னு சொல்லுவான்?"

இரண்டாவது வீட்டில் மருதையன் என்ற பெரியவர் வாசலைத் தாண்டி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டு கெழம்தான் இருக்குன்னு எழுத்துல வந்துச்சுன்னா ராத்திரி எவன் வேணா வருவான் தம்பி. வாசல்ல எட்டு ஜோடி செருப்பு கெடக்கு பாருங்க. அதுல ஆறுக்குக் காலே கெடையாது."

மூன்றாவது வீடு பூட்டியிருந்தது. நான்காவதில், பேச்சு முடிவதற்குள் கதவைச் சாத்தினார்கள்.

வெயில் இறங்கி, நெல்லைக் குவிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஃபஹ்மிதா வாய் மூடியிருப்பது காரின் ஒரு பாகம் கழன்று விழுந்ததைப் போலிருந்தது. மறுபடியும் கமலாம்பாள் வீட்டுக்கு முன் வண்டி நின்றது.

இளஞ்செழியன் எதையும் மறைக்கவில்லை. கவிப்ரியாவின் வேலையை, துரைக்கண்ணுவை, ஐந்து மணியை, எல்லாவற்றையும் சொன்னான். கமலாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடப்பாவமே. அந்தப் பொண்ணு ஒரு தப்பும் பண்ணல தம்பி. நல்ல பொண்ணு, மரியாதையான பொண்ணுன்னு எழுதுங்க. எத்தனை எடத்துல வேணாலும் போடறேன் கையெழுத்து."

"இந்த வீட்ல நீங்க ரெண்டு பேருதான் இருக்கீங்கன்னு எழுதணும்மா."

"அது மட்டும் வேணாம்."

"அது இல்லாம—"

கமலாம்பாள் கடிகாரத்தைக் காட்டினார். "வெளக்கு வெக்கிற நேரம் தம்பி. என் கையால அத எழுத வெக்காதீங்க. நான் எழுதிட்டா அவங்க வராமயே போயிடுவாங்க."

கட்டிலில் ஒரு அசைவு. ரெத்தினம் சரியாக இருந்த கையை மெதுவாகத் தூக்கினார். இளஞ்செழியனை நேராகப் பார்த்தபடி, இரண்டு விரல்களை நீட்டினார்.

கமலாம்பாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அந்த இரண்டு விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கினார், பிரித்த வெற்றிலையை மறுபடி மடிப்பதைப் போல. "இவருக்கு இப்பெல்லாம் நெனவு தப்பிப்போவுது," என்றார். "இருங்க, மோர் கொண்டாறேன்."

அவர் அடுக்களைக்குள் போனதும் ஃபஹ்மிதா பையிலிருந்து கைநாட்டு வாங்கும் மைப்பெட்டியை எடுத்தாள். இளஞ்செழியன் எழுதி வைத்திருந்த தாள் கட்டிலின் மேலேயே இருந்தது. ரெத்தினத்தின் கட்டைவிரல் அதிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை. அவர் அந்த விரலை விலக்கிக்கொள்ளவுமில்லை.

"சார்," என்றாள் அவள். ஒரே வார்த்தை. வேண்டுமா என்றும் கேட்டது அது, வேண்டாம் என்று சொல்லுங்களேன் என்றும் கெஞ்சியது.

அடுக்களையில் மத்து சுழலும் சத்தம். கதவு நிலையில் மூன்று கோடுகள். இளஞ்செழியன் வேண்டாமென்று தலையை அசைத்தான். தாளை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

போன் அடித்தது. துரைக்கண்ணுவின் எண். பேசியது மகள்.

"அப்பா போன்லேர்ந்து பேசறேன் சார். புகார் குடுக்க எல்லாரும் ஜீப்புக்குக் கெளம்பிட்டாங்க. நீங்க எழுதி வாங்கப் போயிருக்கீங்கன்னு நெடுமாறன் சார் சொன்னாரு. கெடச்சுதா சார்?"

பதிலுக்கு அவனை அரித்துக்கொண்டிருந்த கேள்வி வெளியே வந்தது. "நேத்து ராத்திரி எத்தனை பேர் தங்கினாங்கன்னு ஒரு கேள்வி இருக்காமே. அத நீங்க கேட்டீங்களா கவிப்ரியா?"

பின்னணியில் தஞ்சாவூரின் ஆட்டோச் சத்தம்.

"மொத வீட்ல கேட்டேன் சார். நல்லிக்கோட்டகத்துல ஒரு அம்மா, மோர் குடுத்தாங்க. ஆறு பேருன்னாங்க. ராத்திரி எத்தனை பேரு தங்கினீங்கன்னு கேட்டேன். அவங்க பதில் சொல்லல. கடிகாரத்தயே பாத்துட்டு நின்னாங்க. அந்த மூஞ்சிய பாக்க முடியல சார். நானே ஆறுன்னு போட்டுட்டேன். அப்புறம் எந்த வீட்லயும் அத கேக்கல. தப்புதான்." குரல் உடைந்து, மறுபடி சேர்ந்தது. "நீங்க இப்ப அந்த வீட்லதான இருக்கீங்க? நீங்க எழுதி வாங்கிட்டீங்களா சார்?"

இளஞ்செழியன் திரும்பிப் பார்த்தான். ஃபஹ்மிதா திறக்காத மைப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி கூடத்திலேயே நின்றாள். அவளுக்குப் பின்னால் கமலாம்பாள், தளும்பும் டம்ளர்களோடு வந்துகொண்டிருந்தார்.

"இல்லம்மா," என்றான்.

அவன் போனில் ஐந்தாக இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அந்த வீட்டுக் கடிகாரத்தில் ஐந்து மணி எப்போதோ போய்விட்டிருந்தது.